கற்பு வாக்காளருக்கு மட்டும்

2024 மே 13. செகந்திராபாத் மாரெட்பள்ளிக்காரர்கள் ஒரே வாக்குச்சாவடியில், ஒரே விரலில் மை வாங்கிக்கொண்டு, இரண்டு பொத்தான்களை அழுத்தினார்கள். ஒன்று மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதிக்கு. மற்றது செகந்திராபாத் கன்டோன்மென்ட் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. ஜூன் 4 அன்று எண்ணிப் பார்த்தால், மக்களவைக்கு பாஜகவின் ஈட்டல ராஜேந்தர் 3,91,475 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். சட்டமன்றத்துக்குக் காங்கிரஸின் ஸ்ரீகணேஷ் 13,206 ஓட்டு வித்தியாசத்தில். நம் மக்கள் கட்சி பார்க்காமல் ஆளைப் பார்த்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று புல்லரித்துப் போக வேண்டாம். ஆட்களையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஈட்டல 2021 வரை டிஆர்எஸ் (பிறகு பிஆர்எஸ் என்று பெயர் மாறிய கட்சி). அப்போதைய முதல்வர் கேசிஆர் அமைச்சரவையில் முதலில் நிதி, பிறகு சுகாதாரம். நிலப் புகாரில் பதவி போனதும் பாஜகவில் சேர்ந்து தேசத்தைக் காக்கக் கிளம்பினார். அவரை எதிர்த்த காங்கிரஸின் பட்னம் சுனிதா மகேந்தர் ரெட்டி, 2024 பிப்ரவரி வரை பிஆர்எஸ். பிஆர்எஸ் சார்பில் நின்ற ராகிடி லட்சுமா ரெட்டி, அதற்குச் சில மாதம் முன்பு வரை காங்கிரஸ். சட்டமன்றத்துக்கு ஜெயித்த ஸ்ரீகணேஷ், 2023 நவம்பரில் இதே தொகுதியில் நின்று தோற்ற பாஜக வேட்பாளர். இவர்களைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் எந்தப் பையிலிருந்து எந்தக் கொடி விழும் என்று இவர்களுக்கே தெரியாது.

ஆனால் ஓட்டுப் போடுகிறவனுக்கு மட்டும் கட்சிக் கற்பு வேண்டும். அதிலும் சாதிக் கற்பு, மதக் கற்பு என்று உட்பிரிவுகள். தாலி கட்டியவன் தினம் ஒரு வீட்டில் விருந்துண்பான். இவள் நெருப்பின் மேல் நடந்து காட்ட வேண்டும்.

தேர்தலுக்கு முன் எங்கள் அடுக்குமாடிக்கு வந்த பிரசாரக்காரர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பெயரின் ஓரத்திலும் பென்சிலில் ஏதோ குறி. தெலுங்குக்காரர் என்றால் வேலை சுலபம். வீட்டுப் பெயரைப் பார்த்தாலே எந்தக் குலம், எந்த ஓட்டு என்று டிக் அடித்துவிடலாம். எங்களைப் போன்ற தமிழர்களிடம் இருப்பது ஓர் இனிஷியல். 'கே.' என்பதிலிருந்து என்னதான் கண்டுபிடிப்பது? பாவம், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நேராகவே கேட்டுவிட்டார் அந்தப் பையன்: "ஐயங்காரா, முதலியாரா சார்?" எதிர் ஃபிளாட் பெரியவர் கோத்திரம் உட்பட ஒப்பித்து, காபியும் கொடுத்து அனுப்பினார். அதே பெரியவர், அந்த வருடம் நவம்பரில் மாநில அரசின் சாதிக் கணக்கெடுப்புக்கு வந்த பள்ளி ஆசிரியையிடம், "நாங்கள் சாதியெல்லாம் பார்ப்பதில்லை அம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்தக் கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க 3.1 சதவீதக் குடும்பங்கள் விடுபட்டன. சாதி பார்க்காத மகான்கள் அதில் எத்தனை பேரோ!

கன்டோன்மென்ட் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. இங்கேதான் மேற்கு மாரெட்பள்ளி வரவேற்பறையின் மேதைமை முழுதாக வெளிப்படும். "ரிசர்வ்டு தொகுதி சார், ஆளைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? கட்சியைப் பாருங்கள்" என்பார்கள். அதே வாய், மல்காஜ்கிரி பொதுத் தொகுதி என்றதும், "கட்சி கிடக்கட்டும், ஆள் யார், நம்மவர்களுக்கு வேண்டியவரா?" என்று கேட்கும். தலித் நிற்கும் இடத்தில் ஆள் முக்கியமில்லை. மற்ற இடத்தில் ஆள்தான் முக்கியம். இடைத்தேர்தலில் பாஜகவுக்கு நின்றவர் வம்ச திலக். அவருடைய தாயார் டி.என். சதாலட்சுமி, அன்றைய ஆந்திர சட்டமன்றத்தில் துணை சபாநாயகராக இருந்தவர், பட்டியல் சாதிகளில் ஒன்றான மாதிகா மக்களுக்காகக் கடைசிவரை குரல் கொடுத்தவர். எங்கள் அடுக்குமாடியில் பாஜகவுக்கே ஓட்டுப் போட்டவர்களிடம் விசாரித்தேன். அந்த அம்மாள் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது? பொத்தானில் இருந்தது தாமரைதானே!

இங்கிருந்து பரேட் மைதானம் பக்கம்தான். 2023 நவம்பர் 11 அன்று அங்கே பிரதமர் மேடையில் மந்த கிருஷ்ண மாதிகாவைக் கட்டி அணைத்தார். மந்த கிருஷ்ண கண்ணீர் விட்டார். மாதிகாக்களுக்கு உள் ஒதுக்கீடு கேட்டு முப்பது ஆண்டுகளாகத் தெருவில் நின்ற மனிதரின் அழுகையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அந்த முப்பது ஆண்டில் எந்த வருடமும் கிடைக்காத அணைப்பு, சட்டமன்ற வாக்குப்பதிவுக்குச் சுமார் மூன்று வாரம் இருக்கும்போது எப்படிக் கிடைத்தது?

மூசி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹைதராபாத் தொகுதியில், இன்னும் சிறப்பு. போலீஸ் 15 நிமிடம் ஒதுங்கி நின்றால் போதும் என்று 2012-இல் மஜ்லிஸ் கட்சியின் அக்பருதீன் ஒவைசி பேசினார். 2024-இல் பிரசாரத்துக்கு வந்த பாஜகவின் நவ்நீத் ராணா, எங்களுக்கு 15 விநாடி போதும் என்றார். பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு எவ்வளவு வேகமெடுத்திருக்கிறது! வாக்குப்பதிவு நாளில் ஹைதராபாத் பாஜக வேட்பாளர் மாதவி லதா, பர்தா அணிந்து வந்த பெண்களின் முகத்திரையை விலக்கச் சொல்லி அடையாள அட்டையோடு சரிபார்த்தார். வழக்குப் பதிவானது. அந்த வீடியோவை எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "சபாஷ்" என்று பதினேழு பேர் கை தட்டினார்கள். அதில் எத்தனை பேர் அன்று வாக்குச்சாவடிக்குப் போனார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் கொண்ட மல்காஜ்கிரியில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். தர்மம் அவ்வளவு ஆபத்தில் இருந்தும், வெயில் அதைவிட அதிகமாக இருந்திருக்கிறது.

தமிழர்களாவது விலகி நின்றோமா என்றால், மூன்று தலைமுறையாக இங்கே இருந்துகொண்டு, "நமக்கென்ன மாமா, நாம வெளியூர்க்காரா" என்று சொல்லும் கூட்டம் ஒருபுறம். ராஜ்பவனில் ஆளுநராகத் தமிழிசை இருந்த நான்கரை ஆண்டும் "நம்ம ஊர்ப் பெண்" என்று பூரித்த கூட்டம் மறுபுறம். ஆளுநர் கட்சிக்கு அப்பாற்பட்டவர் என்று பாடப்புத்தகத்தில் படித்ததை நம்பிய அப்பாவிகளும் உண்டு. 2024 மார்ச் 18 அன்று அவர் ராஜினாமா செய்தார். அந்த மாதமே தென்சென்னையில் பாஜக வேட்பாளர்.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் பக்கத்துத் தொகுதிக்காரர். தானம் நாகேந்தர் 2023-இல் கைரதாபாத்தில் கார் சின்னத்தில் நின்று பிஆர்எஸ் எம்எல்ஏ ஆனார். அந்தப் பதவியை விடாமலே 2024-இல் செகந்திராபாத் மக்களவைக்குக் காங்கிரஸின் கை சின்னத்தில் நின்றார். கிஷன் ரெட்டியிடம் தோற்று, பத்திரமாக எம்எல்ஏ நாற்காலிக்கே திரும்பினார். காருக்குக் குத்திய கைரதாபாத் வாக்காளர் இப்போது யாரைத் துரோகி என்று திட்டுவது? இவரையும் சேர்த்துத் தாவிய பத்து எம்எல்ஏக்களின் தகுதி நீக்க விவகாரத்தில், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 31 அன்று சபாநாயகருக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் அவ்வளவு தாமதம் கிடையாது. பார்க்கில் பல வருடமாகச் சேர்ந்து நடந்த இரண்டு ரிட்டயர்டு அதிகாரிகள், ஒருவர் கை, ஒருவர் தாமரை, ஜூன் 4 சாயங்காலமே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆகஸ்டில் ஒருவருடைய மகள் கல்யாணம். மற்றவர் வீட்டுக்குப் பத்திரிகை போகவில்லை. வரவேற்பில் முன்வரிசை சோபாவில் மூன்று கட்சிப் பிரமுகர்கள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து முந்திரி எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.