குசுகுசுப்பியல்: லயத்து ஒலிகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். 'குசுகுசு'வைப் பிரித்தாலோ பொருள் தாராளமாகவே வருகிறது. அந்தப் பொருளுக்குள் இறங்குவது நம் நோக்கமன்று; இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று மட்டும் பதிவு செய்து நகர்கிறோம்.

அட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பழைய லயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் திண்ணையாக ஓர் இஸ்தோப்பு. பல லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதே இல்லை. ஆகவே முதல் காம்பராவில் "யாருகிட்டயும் சொல்லிறாதடி" என்று புறப்படும் செய்தி, கடைசிக் காம்பராவில் "நா அப்பவே சொன்னேன்ல" என்று போய்ச் சேர்கிறது.

முணுமுணுப்புக்கு ஒரு வாய் போதும், காது வேண்டாம். மாமியார் அடுப்படியில் நிகழ்த்துவது அது. குசுகுசுவுக்கு இரண்டு தலை வேண்டும். கிசுகிசுவுக்கு அங்கே இல்லாத மூன்றாமவர் ஒருவர் கட்டாயம். இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் அகராதிக்காரர்கள் ஒரு காலையாவது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தோடு நிற்கட்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் இறங்கும் இரவில் புருசனும் பெண்டாட்டியும் கத்தித்தான் பேச வேண்டும். ஒரு சொல்லும் அடுத்த வீட்டுக்குப் போகாது. லயத்தில் உண்மையான இரகசியம் உரத்த குரலில் மட்டுமே சாத்தியம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் எழும் ஒலி வேறு வகை. தராசில் சாக்கு ஏறுகிறது, ஈரத்துக்கும் சாக்குக்குமாகக் கழிவு போகிறது, வரிசையில் சலசலப்பு. "என்னா அங்க சத்தம்?" என்கிறார் கணக்கப்பிள்ளை. "ஒண்ணுமில்லீங்கய்யா." ஆய்வாளர் இதை மொழிபெயர்த்துக் கொள்ள வேண்டும்: இன்றைக்குக் கழித்தது அதிகம், மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் என்கிறது பௌதிகவியல். தோட்டத்துக் குரலின் வேகம் வேறு: தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை 2015-இல் எழுந்தது. அதைக் குசுகுசுவென்று கேட்கவுமில்லை. 2018 அக்டோபரில் கொழும்பு காலிமுகத்திடலில் இளைஞர்கள் கறுப்பு உடையில் கூடி உரக்கவே கேட்டார்கள். அந்த ஆயிரம் அரச வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். அட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போனாலே ஒரு பகலில் சேர்ந்துவிடலாம்.

சத்தமாகக் கேட்டதால்தான் இத்தனை தாமதமோ என்று பீலிக்கரையில் ஒரு கருத்து நிலவுகிறது. அது இன்னும் குசுகுசு நிலையிலேயே இருக்கிறது.