ப்ரைமர் மடி

ஸ்ரீரங்கத்தில் மடி ஆசாரமெல்லாம் போயே போச்சு என்று அங்கலாய்க்கிறவர்கள், பிளாஸ்டிக் விமானம் ஒட்டும் மாமாவைப் பார்க்காதவர்கள். சந்தியாவந்தனத்தில் அவர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் சட்டத்தைச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டாமல் வேலையைத் தொடமாட்டார். அச்சிலிருந்து லேசாகக் கழன்று வருவதற்காக ஆலையில் ஓர் எண்ணெய் தடவுவார்கள். அதில் துளி மிச்சமிருந்தாலும் பெயின்ட் பிடிக்காது. குளித்த சட்டம் மாடிக் கொடியில், மாமியின் மடிப்புடவைக்குப் பக்கத்தில், கிளிப் மாட்டிக்கொண்டு காயும். காய்ந்தபின் யாரும் தொடக்கூடாது. விரல் பட்டால் விழுப்பு, மறுபடி ஸ்நானம். மாமிக்கு முதலில் இது பைத்தியமாகத்தான் பட்டது. மடி என்று புரிந்ததும் சண்டையை விட்டுவிட்டாள். அவள் புடவையைக் கோலால் எடுக்கிறாள், அவர் இறக்கையை இடுக்கியால் எடுக்கிறார்.

இந்த ரகத்து மனிதர் தெருவுக்கு ஒருவர் கிடைக்கமாட்டார். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் என்று மதிலுக்கு மதில் தேடினால் ஒருவர் அகப்படலாம். காவிரிப் பாலம் தாண்டித் தில்லைநகரில் இன்னொருவர். அநேகமாக ஓய்வு பெற்றவர். திருவெறும்பூர் பாய்லர் ஆலை, பொன்மலை ரயில்வே பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை, இந்த மூன்றில் ஒன்றில் காலம் தள்ளியவர். மில்லிமீட்டரை நூறாக வகுத்துப் பார்த்தே பழகிய கண், ஓய்வூதிய ஆணை வந்த பிறகும் ஓயவில்லை. சின்ன வயதில் பைலட் ஆக ஆசை, பள்ளிக்கூடத்திலேயே கண்ணாடி போட்டாயிற்று. இதைச் சொல்லும்போது கலாமை இழுக்காமல் விடமாட்டார். திருச்சி ஜோசப் கல்லூரியில் படித்த அப்துல் கலாம், விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்தவர். "அவருக்கே கிடைக்கலை ஓய்!" அதே கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா சிவில் ஏவியேஷனில் வேலை பார்த்தது இவருக்கு இலக்கியத் தகவல் இல்லை, பங்காளி விஷயம்.

அவர் வீட்டுக்கு வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பறக்குமா?" பறக்காது என்பார். "பின்னே எதுக்கு?" இதற்கு அவரிடம் பதில் இல்லாமலில்லை, ஒண்ணேகால் மணி நேரத்துக்கு இருக்கிறது, கேட்டவர்தான் அதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார். மூன்றாவது கேள்வி விலை. பெட்டியெல்லாம் சிங்கப்பூரிலிருந்து மருமான் கொண்டுவருவது. பெயின்டும் தின்னரும் தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள். அதற்கு வேறு வழி, வேறு செலவு. ஆத்தில் மட்டும் விலையையும் 1/72 அளவில்தான் சொல்வார்.

1/72 என்பது இவர்களுடைய அஷ்டாட்சரம். ஆறடி மனிதன் அதில் சரியாக ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குல பைலட்டின் ஹெல்மெட்டுக்குள் முகம், முகத்தில் கண், கண்ணில் ஒரு புள்ளி. ஒற்றை மயிர்த் தூரிகையால் புள்ளி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண் பொன்மலையையும் மறு கண் சமயபுரத்தையும் பார்க்கும். சுரண்டிவிட்டு மறுபடி. கடைசியில் கண்ணாடி மூடியை ஒட்டிய பிறகு பைலட்டே தெரியமாட்டார். "தெரியாட்டா என்ன? உள்ள இருக்கார்னு எனக்குத் தெரியுமே." கர்ப்பகிருகத்தில் திரை போட்டிருக்கும்போது மாமி சொல்வதும் இதேதான்.

ராஜகோபுரத்தையும் இவர் விட்டுவைக்கவில்லை. உயரம் 236 அடி, மீட்டரில் கிட்டத்தட்ட 72. அதை 72-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர். இந்தக் கணக்கு ஒரு நாள் காபி குடிக்கும்போது உதித்ததிலிருந்து, அந்த அளவு பெருமாளுக்கே சம்மதம் என்று முடிவு கட்டிவிட்டார். 1/48-இல் ஒட்டுகிறவர்களைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார். அவரிடமும் 1/48 பெட்டி இருக்கிறது, அது பிற்பாடு வரும்.

பருவங்கள் இவருக்குப் பகை. அக்னி நட்சத்திரத்தில் பெயின்ட் ஏர்பிரஷ் முனையை விட்டுக் கிளம்பி விமானத்தைத் தொடுவதற்குள் நடுவழியிலேயே காய்ந்து, மணல் தூவினாற்போல் சொரசொரவென்று உட்காரும். ஆடி பிறந்தால் காற்று. அம்மா மண்டபத்தில் ஊரே சித்ரான்னத்தோடு பெருக்கைக் கொண்டாடும்போது, இவர் ஈரமான இறக்கையில் வந்து குந்திய காவிரி மணலை ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறி, லேக்கர் வெளுத்துப் பூத்துவிடும். மிச்சமிருக்கும் நாட்களில் கம்ப்ரஸர் ஓடும். சாயங்காலமானால் டுர்ரென்று கேட்கும் அந்தச் சத்தத்தை வைத்து, மாமாவுக்கு ஆஸ்துமா, நெபுலைசர் வைக்கிறார்கள் என்று பக்கத்தகத்தில் வெகுநாள் நினைத்திருந்தார்கள். கஷாயம்கூட வந்தது. குடித்தார், விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

மார்கழி இன்னொரு விதம். வைகுண்ட ஏகாதசிக்கு ஊர்ப்பட்ட சொந்தக்காரர்களும் வந்து இறங்குவார்கள், படுக்க இடம் அந்த மாடி அறைதான். சொர்க்கவாசல் சேவித்துவிட்டு வந்த ஒன்றுவிட்ட அத்தான் அவருடைய நிப்பரால் கால் நகம் வெட்டிக்கொண்டிருப்பார். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த டீக்காலை, நடுவில் பச்சை, சுற்றி வெள்ளை, வெளியே காவி என்று வட்டமாய் இருந்த விமானப்படைச் சின்னத்தை, ஒரு குழந்தை எடுத்து நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டது. கழுவச் சொல்ல இவருக்கு மனசு வரவில்லை. எவ்வளவு அழகாகப் படிந்திருக்கிறது, ஓரத்தில் ஒரு சுருக்கம் இல்லை! தன் விமானத்தில் அப்படி ஒரு நாளும் படிந்ததில்லை.

ஆசாரம் இருந்தால் கலைபேதமும் இருக்கத்தானே வேண்டும். எனாமல் கலை, அக்ரிலிக் கலை என்று இரண்டு. இவர் எனாமல். ஹம்ப்ரால் டப்பாவின் எண்தான் இவருக்கு நிறத்தின் பெயர்: 29 என்றால் மண் நிறம், 30 கரும்பச்சை, 34 வெள்ளை. "சாம்பார் இன்னிக்கு 29-க்குக் கிட்ட வந்திருக்கு" என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டதுண்டு. தில்லைநகர் ஆசாமி அக்ரிலிக். வயசில் சின்னவர், கணினி வேலை. இருவருக்கும் நடுவில் தீராத வழக்கு 1971 பச்சை. அந்தப் போர் வந்தபோது வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்த மிக்-21களுக்கு அந்தந்தத் தளத்திலேயே அவசரமாகப் பச்சையை அடித்தார்கள். எந்தப் பச்சை? இருவரிடமும் ஆதாரமாகப் புகைப்படம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம்.

இவருடைய பெருமிதம் ஒரு நேட் போர் விமானம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நேட்டில் கிளம்பி, எதிரி சேபர்களோடு தனியாகப் போராடி உயிர்விட்டார் நிர்மல்ஜித் சிங் சேகான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020-இல் நம் சூலூரில்தான் தேஜஸ் ஓட்ட ஆரம்பித்தது. சேகானின் நேட்டைத்தான் செய்ய ஆசை. ஆனால் ஏர்ஃபிக்ஸ் பெட்டியைத் திறந்தால் வருவது இங்கிலாந்துப் பயிற்சி நேட்: இரண்டு இருக்கை, இறக்கையும் பெரிசு. போர் விமானத்துக்கு ஒரே இருக்கை. ரம்பம் போட்டு மூக்கை வெட்டி, பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள் என்று ஒரு சீட்டைக் காணாமல் அடித்தார். மூக்குக்குள் எடை வைக்காவிட்டால் இந்த ரக விமானங்கள் வாலில் உட்கார்ந்துகொள்ளும். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டை வாங்கி வந்து வைத்தார். மீன்பிடி சாமான் கடையிலிருந்து மாமா வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் பார்த்ததைப் பார்த்தபடி நாலு பேரிடம் சொன்னார்கள்.

ஆன்டெனா கம்பிக்கு ஒரு வித்தை உண்டு. மீந்த பிளாஸ்டிக் சட்டத்தைச் சுடரில் காட்டி, இளகும் கணத்தில் இரு பக்கமும் இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை வரும். காற்றில் ஆடாத சுடர் வேண்டும். அந்த வீட்டில் அப்படிப்பட்ட சுடர் பெருமாள் உள்ளில்தான் இருந்தது. ஒரே ஒரு முறை. அதன்பிறகு மெழுகுவர்த்தி.

தஞ்சாவூர் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய்-30 ஸ்குவாட்ரன் வந்ததிலிருந்து, சாப்பாட்டில் பாதியில் எழுந்து மாடிக்கு ஓடுவது வழக்கமாயிற்று. தெருவில் அவருடைய மவுசு மட்டும் ஏறவே இல்லை, ஒரு நாளைத் தவிர.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. நிப்பர், இடுக்கி, ஏர்பிரஷ் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் இருந்தன. நேட் கொலுவில் இருந்தது. படியில் இல்லை, கீழே கேழ்வரகு முளைக்கவிட்ட பார்க்கில், பிளாஸ்டிக் வாத்துக்குப் பக்கத்தில். அன்று மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம், ஹைட்ராலிக் கோளாறால் 140-க்கும் மேற்பட்டவர்களைச் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்தது. சுண்டலுக்கு வந்த மாமிகள் டிவி முன்னால் ரங்கா ரங்கா என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஏன் உடனே இறக்கவில்லை, ஏன் சுத்துகிறது? அப்போதுதான் யாருக்கோ இவர் ஞாபகம் வந்தது.

மாமா பேசினார். போயிங் 737-இல் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது, எரித்துத்தான் தீர்க்கவேண்டும்; டாங்க் நிறைய வைத்துக்கொண்டு இறங்கினால் எடை தாங்காது, அதற்காகத்தான் சுற்று. அவரிடம் 737 இல்லை, பயணிகள் விமானத்தை அவர் ஒட்டுவதில்லை. பார்க்கிலிருந்து நேட்டை எடுத்து, மரப்பாச்சித் தலைக்கு மேலே வட்டமடித்துக் காட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக யாரும் செருப்பைத் தேடவில்லை. இரவு எட்டேகால் வாக்கில் விமானம் பத்திரமாக இறங்கியது, கூடமே கைதட்டியது. அடுத்த நிமிஷம் சுண்டல் டம்ளர்கள் புறப்பட்டன. "ஏன்னா, விஜயதசமிக்கு முன்னாடி கொலுவுல இருக்கறதை எடுக்கலாமோ?" என்றாள் மாமி. வைத்துவிட்டார். மறுநாள் ஏர்பிரஷை அழுத்தினால் இரண்டு நிமிஷம் குங்குமமாகவே வந்தது.

அதற்கடுத்த வருஷமும் நவராத்திரிதான் வினையாக வந்தது. 1963-இல் விமானப்படையில் சேர்ந்த மிக்-21-க்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைகொடுத்தார்கள். அந்தத் தேதிக்குள் முடித்துக் கொலுவில் வைக்க, கொள்கையைத் தளர்த்தி 1/48-இல் ஒரு மிக்-21 பிஸ் வாங்கியிருந்தார். மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய் வெட்டும்போதே துள்ளிவிட்டது. ஒரு குடும்பமே கைபேசி வெளிச்சத்தோடு சிவப்பு சிமென்ட் தரையில் தவழ்ந்து தேடியது. முற்றம், ரேழி, கோலமாவு டப்பா, எதிலும் இல்லை. மருந்துக் கடையில் போய் இஞ்செக்ஷன் ஊசி மட்டும் போதும், மருந்து வேண்டாம் என்றார். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். இதிலேயே ஆவணி போய்விட்டது. கடைசியில் சாம்பல் நிற ப்ரைமர் மட்டும் பூசிய நிலையில் மிக் கொலுவுக்கு வந்தது.

"ஏன் மாமா, உடம்பு பூரா விபூதி பூசி வெச்சிருக்கேளே? நம்ம ஊர்ல போய்?" என்று கேட்டாள் எதிராத்து மாமி.

இன்னும் பெயின்ட் ஏறவில்லை. எப்போது முடியும் என்று யாராவது கேட்டால், அவர் ஜன்னல் வழியாகத் தெற்கே கையைக் காட்டுவார். "அந்த கோபுரம் நானூறு வருஷம் மொட்டையா நின்னது. கேட்டாளா யாராவது? 1987-லதானே முடிஞ்சது?"

"அதுக்கு அகோபில மடத்து ஜீயர் வந்தார்," என்று தளிகை உள்ளிலிருந்து பதில் வரும். "உங்களுக்கு யாரு வரப்போறா?"