மைனாவின் பிறப்புச் சான்றிதழில் காணும் பிழைகள்: ஓர் ஆய்வு

மெல்பர்னில் மகள் வீட்டுக் கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டம்ளர் காபியுடன் ஒன்பது காலைகள் நடத்திய கள ஆய்வு இது. ஆய்வுப் பொருள்: மஞ்சள் கால், கண்ணோரம் மஞ்சள் திட்டு, புல்தரையில் மேஸ்திரிபோல் நடந்து பார்வையிடும் பறவை. அக்கம்பக்கத்தில் அதை 'இந்தியன் மைனா' என்கிறார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மைனாவின் வில்லங்கமெல்லாம் சான்றிதழில் தொடங்கியது என்பதே என் கருதுகோள். 1760-ல் இதை விவரித்த பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன், சொந்த ஊர் பிலிப்பைன்ஸ் என்று எழுதிவிட்டார். 1766-ல் லின்னேயஸ் அதைச் சொர்க்கப் பறவைகளின் கணக்கில் சேர்த்து, 'டிரிஸ்டிஸ்' என்று பெயரும் வைத்தார். லத்தீனில் அதற்கு 'சோகமானது' என்று பொருள். பிற்பாடு பேரினம் 'அக்ரிடோதெரஸ்' ஆயிற்று. வெட்டுக்கிளி வேட்டைக்காரன் என்று அர்த்தம். ஊரையும் புதுச்சேரி என்று திருத்தினார்கள். சோகத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை. ரேஷன் கார்டில் இனிஷியல் மாற்ற தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்கு இது புரியும்.

வேட்டைக்காரப் பட்டம் வருமுன்பே வேலை வந்துவிட்டது. 1762-ல் வெட்டுக்கிளி தின்ன மொரிஷியசுக்குக் கொண்டுபோனார்கள். 1860-களில் தோட்டப் பூச்சிகளுக்காக மெல்பர்ன், 1865-ல் ஹவாய், 1883-ல் குவீன்ஸ்லாந்தின் கரும்புக் காடு. எந்த நியமன ஆணையிலும் ஓய்வு வயதோ, திரும்பும் கப்பலோ குறிப்பிடப்படவில்லை. ஆகவே அது தங்கிவிட்டது. மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு ரொசெல்லா கிளிகளை விரட்டுகிறது. அந்தக் குற்றச்சாட்டை ஆய்வாளர் மறுக்கவில்லை. 2000-ல் உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியல் வந்தபோது, அதில் இருந்தவை மூன்றே பறவைகள். ஒன்று மைனா, இன்னொன்று நம் ஊர்ச் சின்னான். ஊர்க்காரர் கூட இருப்பது ஓர் ஆறுதல்தான்.

இனி முடிவு. கொல்லையில் பூச்சிகள் நலமாக இருக்கின்றன. பேரன் சிந்தும் ரொட்டித் துணுக்குகள்தாம் மிஞ்சுவதில்லை. சோகத்தின் அறிகுறி எதுவும் ஒன்பது நாளும் தென்படவில்லை. மாலையில் ஒரே மரத்தில் கூடி, முகூர்த்த நாள் பந்திபோல் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன. கேட்பதற்கு ஒன்றுகூட இல்லை.

எனவே 'டிரிஸ்டிஸ்' என்ற சொல்லை நீக்கித் தருமாறு உரிய அலுவலரை வேண்டுகிறேன். புதுச்சேரி வாசகர்கள் யாரேனும் சாட்சிக் கையெழுத்துப் போட முன்வந்தால் உதவியாக இருக்கும்.