பாகூர்த் தாத்தா சொல்லும் பாரீசு வழி

டேய் பேராண்டி, பிரான்சுக்குப் படிக்கப் போறியாமே? பாகூர் ஏரிக்கரையில மாடு மேய்க்கிறவன் வரைக்கும் சேதி வந்துடுச்சு. எந்தக் காலேஜு, என்ன படிப்புன்னு உனக்கு மட்டும்தான் இன்னும் சரியாத் தெரியலன்னு உங்கம்மா சொன்னா. அதனால என்ன? கன்சல்டன்சிக்காரனுக்குத் தெரியும். பணம் கட்டினவனுக்கு அதெல்லாம் எதுக்கு?

நான் பிரான்சைப் பார்த்ததில்ல. ஆனா பிரெஞ்சுக்காரன் காயிதத்தை நிறையப் பார்த்திருக்கேன். எங்க அக்கா வீட்டுக்காரர் சொல்தா. அவங்க பட்டாளத்துல இருந்துட்டு வந்து, திண்ணையில உட்கார்ந்து பென்ஷன் வாங்கினவர். வருஷா வருஷம் 'நான் உயிரோடதான் இருக்கேன்'னு அத்தாட்சி வாங்கி அனுப்பணும். அனுப்பலன்னா பென்ஷன் நின்னுடும். அந்த மாசம் வந்தா மனுஷனுக்குச் சோறு இறங்காது. "மச்சான், மூச்சு விட்டா மட்டும் போதாது, மூச்சுக்கு முத்திரை வேணும்"பார். நீ போறது அந்த ஊருக்கு. ஞாபகம் வச்சுக்கோ.

கெடுன்னா என்னன்னு நம்ம புதுச்சேரிக்குத் தெரிஞ்ச மாதிரி வேற ஊருக்குத் தெரியாது. 1954 நவம்பர் 1-ல பிரெஞ்சுக்காரன்கிட்டேர்ந்து நிர்வாகம் கைமாறிச்சு. சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல. பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்கிறவன் ஆறு மாசத்துல எழுதிக் கொடுக்கணும்னாங்க. எழுதிக் கொடுத்தவங்க சில ஆயிரம் பேர். அவங்க பேரன் பேத்தி இன்னிக்கு விசா கேட்காம ஏரோப்ளேன் ஏறுறாங்க. எழுதிக் கொடுக்காதவங்க பேரன் நீ, ஃபைலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நிக்கிற. ஒரே தெரு, ஒரே குழாயடி, நடுவுல ஒரு காயிதம். அந்தக் காயிதம் இருக்கிற வீட்டுல சம்பந்தம் பண்ணினா விசா தானா வரும்னு, இங்க வரதட்சணைக் கணக்கே ஒரு காலத்துல மாறிச்சு. நீயும் அந்த வழியில பார்க்கலாம். ஆனா உன் மூஞ்சிக்கு முதுகலைப் பட்டமே சுலபம்.

முதல்ல பேரைச் சரி பண்ணு. நமக்கு இனிஷியல் போதும். அவங்களுக்குக் குடும்பப் பேர் வேணும். 1881-லயே இந்தக் கூத்து நடந்திருக்கு. பழைய வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வர்றவங்க ஒரு குடும்பப் பேர் வச்சுக்கணும்னு ஆணை வந்தப்போ, வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் ஆனார். நீ பாஸ்போர்ட்டுல உங்கப்பன் பேரைப் போட்டிருக்க. அங்க வாத்தியார், வீட்டுக்காரன், பேங்குக்காரன் எல்லாரும் உன்னை 'முசியே ஆறுமுகம்'னுதான் கூப்பிடுவான். உங்கப்பன் லாஸ்பேட்டை மாடியில கைலி காயப்போட்டுக்கிட்டிருப்பான், பாரீசுல அவனுக்கு மரியாதை நடக்கும். நீ பரீட்சையில கோட்டை விட்டாலும் அந்தப் புகழும் அவனுக்கே. அது போகட்டும். பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், பாஸ்போர்ட் மூணுலயும் ஒரே எழுத்துல பேர் இருக்கான்னு இன்னிக்கே பாரு. ஒண்ணுல 'ஆறுமுகம்', இன்னொண்ணுல 'அருமுகம்'னா, அவங்க கணக்குல உனக்கு ரெண்டு அப்பன்.

அடுத்து கன்சல்டன்சி. அவனைத் திட்ட மாட்டேன், அவனும் பிள்ளைகுட்டிக்காரன். சில தனியார் காலேஜு ஆள் பிடிச்சுக் கொடுத்தா கமிஷன் கொடுக்கும். கமிஷன் கொடுக்காத அரசுப் பல்கலைக்கழகத்தோட பேர் அவன் வாயில சீக்கிரம் வராது. 2019-லேர்ந்து அரசுப் பல்கலைக்கழகங்கள்லயும் நம்மள மாதிரி வெளியூர்ப் பிள்ளைங்களுக்குக் கட்டணத்தை ஏத்திட்டாங்க. முதுகலைக்கு வருஷம் 3,770 யூரோன்னு ஆரம்பிச்சாங்க. ஏத்தினதுக்கப்புறமும் தனியார் மேலாண்மைக் காலேஜு கேட்கிறது அதைவிடப் பல மடங்கு. இந்த வித்தியாசத்தை யார்கிட்ட கேட்கிறதுன்னு முழிக்காத. கேம்பஸ் பிரான்ஸ்னு அவங்க சர்க்காரே ஒரு அமைப்பு வச்சிருக்கு. அதுல பதிஞ்சு, நேர்காணல் முடிச்சாத்தான் விசாவுக்கே போக முடியும். 2030-க்குள்ள 30,000 இந்தியப் பிள்ளைங்க வரணும்னு 2024 குடியரசு தினத்துக்கு வந்த அவங்க ஜனாதிபதி மக்ரோன் சொல்லிட்டுப் போயிருக்கார். கூப்பிடுறவன் வாசல்லயே கேள்வி கேட்கலாம். நீ நேராப் போறத விட்டுட்டு இடையில ஒருத்தனுக்குத் தட்சணை வைக்கிற.

நேர்காணல்ல 'ஏன் இந்தப் படிப்பு?'ம்பாங்க. கன்சல்டன்சிக்காரன் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பி. உனக்கு முன்னாடி போனவனும் அதையேதான் ஒப்பிச்சிருப்பான், பின்னாடி வர்றவனும் அதையேதான் ஒப்பிப்பான். கேட்கிறவங்களுக்கும் காலங்காத்தால சுப்ரபாதம் கேட்ட புண்ணியம்.

பிரெஞ்சே வேணாம், இங்கிலீஷ்லயே பாடம்னு கன்சல்டன்சிக்காரன் சொன்னானாம். பாடம் இங்கிலீஷ்தான். ஆனா வீட்டு வாடகைக் கடுதாசி, ஆஸ்பத்திரிக் கடுதாசி, கரண்ட் பில்லு எல்லாம் பிரெஞ்சுல வரும். சுய்ப்ரேன் வீதியில அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கே, அந்த அமைப்பு இந்த ஊருக்கு வந்தது 1889-ல. அன்னிலேர்ந்து உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு. நீ அந்தப் பக்கம் போனது பீச் ரோட்டுல செல்ஃபி எடுக்க மட்டும்.

இங்க பிரெஞ்சு கவர்னரா இருந்த துய்ப்ளேக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளைன்னு ஒரு துபாஷி இருந்தார். 1736-லேர்ந்து 1761-ல சாகிற வரைக்கும், யார் வந்தான், என்ன பேசினான், எவ்வளவு கைமாறிச்சுன்னு தமிழ்ல எழுதி வச்சவர். நீயும் ஒரு நோட்டு போடு. எந்தத் தேதியில எந்தப் படிவம், எவ்வளவு கட்டின, ரசீது நம்பர் என்ன, எல்லாத்தையும் எழுது. சரித்திரத்துக்கு வேணாம், அங்க ஒருத்தி கண்ணாடி போட்டுக்கிட்டு 'இது எங்கே?'ன்னு கேட்பா, அதுக்கு.

அங்க இறங்கினதும் நம்ம கன்சல்டன்சிக்காரன் போன் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' போயிடும். அப்போ நான் சொல்றதைப் பாரு. பாஸ்போர்ட்டுல விசா ஒட்டியாச்சுன்னு படுத்துத் தூங்காத. போய் மூணு மாசத்துக்குள்ள ஆன்லைன்ல அதைப் பதிஞ்சு கட்டணம் கட்டணும். இல்லன்னா முறையா வந்தவனும் முறையில்லாதவன் ஆயிடுவான். வீட்டுக்காரன் ஜாமீன் கேட்பான். பாரீசுல நம்ம சித்தப்பன் யாரும் இல்ல. விசால்னு அந்த ஊர் ஜாமீன் திட்டம் இருக்கு, காசு கிடையாது. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வாங்கிக்கோ. மருத்துவக் காப்பீடும் மாணவனுக்கு இலவசம், ஆனா நீயாப் பதியணும். வீட்டுக்குப் போன அன்னிக்கே தபால் பெட்டியில உன் பேரை ஒட்டு. பேர் இல்லாத பெட்டியில தபால்காரன் போட மாட்டான். நீ ரூமுக்குள்ள 'கார்டு வரலியே'ன்னு அழுதுக்கிட்டிருப்ப, கடுதாசி திரும்பிப் போய்க்கிட்டிருக்கும்.

காசு விஷயம். மாசம் 615 யூரோ கையில காட்டுன்னு விசாவுக்குக் கேட்பாங்க. பாரீசுல அது வாடகைக்கே சில இடத்துல பத்தாது. 'பார்ட் டைம் பண்ணிச் சமாளிச்சுடலாம்'னு எவனாவது சொன்னா, வருஷத்துக்கு 964 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம்னு சட்டம் இருக்கிறதைச் சொல்லு. வாரத்துக்குப் பதினெட்டு, பத்தொன்பது மணி. அதுலயே ஃபீஸும் கட்டி, கடனும் அடைச்சு, அக்கா கல்யாணத்துக்கும் அனுப்புவேன்னா, நீ படிக்கப் போகல, சித்து வேலை பண்ணப் போற.

ஊர் நினைப்பு வந்தா பாரீசுல இருக்கிற லா ஷப்பேலுக்குப் போ. இட்லியும் கிடைக்கும், கொத்து ரொட்டியும் கிடைக்கும். உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடிப் போன ஈழத்துச் சனம் அங்க பிள்ளையாருக்குக் கோயில் கட்டி, வருஷா வருஷம் பாரீசு வீதியில தேர் இழுக்குது. அவங்க பட்ட காயிதப் பாட்டுக்கு முன்னாடி உன் விசா ஒரு தூசு. அதுக்காக ஞாயித்துக்கிழமை மட்டும் போக வேண்டிய இடத்துல வாரம் பூரா குடியிருக்காத. அதுக்கு நீ பாகூர்லயே இருக்கலாம்.

கடைசியா, 'அங்க எனக்கு யாரு தாத்தா உதவுவா?'ன்னு கேட்டியாமே. நல்ல கேள்வி. முதல்ல இங்க நாம யாருக்கு உதவுறோம்னு பாரு. காலாப்பட்டுல பல்கலைக்கழகம் இருக்கு, 1985-ல ஆரம்பிச்சது. வெளிநாட்டுப் பிள்ளைங்களும் வந்து படிக்கிறாங்க. அவங்களும் வந்து 14 நாளுக்குள்ள பதியணும்; தங்க வைக்கிற வீட்டுக்காரர் 24 மணி நேரத்துல ஒரு படிவம் போடணும். அந்த ஒரு படிவத்துக்குச் சோம்பல்பட்டு, 'வீடு காலி இல்ல'ன்னு சொல்ற மகராசன் நம்ம ஊர்ல எத்தனை பேர் தெரியுமா? உங்கப்பன் வீட்டு கேட்லயே 'குடும்பத்தாருக்கு மட்டும்'னு போர்டு தொங்குது.

நீ போனதும் உன் மாடி ரூம் காலிதானே? அதை அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தனுக்கு விடச் சொல்லு. அந்தப் படிவத்துக்கு உங்கப்பனை நான் கூட்டிக்கிட்டுப் போறேன். வாடகையா? பாரீசுக்காரன் உன்கிட்ட எவ்வளவு கேட்டா உனக்கு வயிறு எரியாதோ, அவ்வளவு.