சேம அச்சுக்காரர்

புறப்படுவதற்கு முன்பே பயணத்தின் பெரும்பகுதியை முடித்துவிடும் மனிதர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. ஆனால் தமிழ் இலக்கியத்திலேயே அவர்களுக்கு ஒரு முன்னோடி இருப்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. புறநானூற்றின் 102-ஆம் பாடலில் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு வணிகரான உமணர் தம் வண்டிக்கு அடியில் கட்டி எடுத்துச் செல்லும் மாற்று அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சி உடன்கொண்டு செல்லப்படும் அந்த உதிரிக்குச் சேம அச்சு என்று பெயர். உமணர் ஒரே ஒரு சேம அச்சோடு நிறுத்திக்கொண்டனர்; உப்பை ஏற்றிக்கொண்டு புறப்பட்டும் விட்டனர். இங்கு விவரிக்கப்படும் மனிதரோ சேம அச்சுக்கும் ஒரு சேம அச்சு வேண்டும் என்ற கொள்கையுடையவர். புறப்படுவது என்ற இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் வந்து சேராதவர்.

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றின் கரையில், ஜின காஞ்சி என்று பழைய நூல்கள் குறிக்கும் திருப்பருத்திக்குன்றத்தில் இவ்வகையினரின் சிறந்த மாதிரியைக் காணலாம். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஒரு காலத்தில் நான்கைந்து தறி ஓட்டியவர். பிள்ளைகள் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்தபின் தறிகளில் இரண்டை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஸ்பேனர்களை அடுக்கி வைத்திருப்பவர். நெசவாளருக்கு இந்நோய் வருவதற்குத் தக்க காரணம் உண்டு. பட்டுச் சேலையில் நெய்வது என்பது கடைசி வேலைதான். பாவு ஓட்டி, தெருவில் நீளக் கட்டி ஆற்றி, பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்து, ஜக்கார்டுப் பெட்டியில் அட்டை கோத்து முடிப்பதற்குள் பொறுமை என்பது உடம்பின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. அந்தப் பொறுமைக்குத் தறியில் வேலை குறைந்தபோது, அது வாசலில் நின்ற பிக்கப் வண்டியின் மீது போய் உட்கார்ந்துகொண்டது.

சரக்கு ஏற்றும் சிறு வண்டி தமிழ்நாட்டுத் தெருக்களில் வீட்டு விலங்குபோல் ஆனது 2005-க்குப் பிறகுதான். அவ்வாண்டு வந்த டாட்டா ஏஸ், 702 சிசி அளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜினோடு முக்கால் டன் சுமந்ததைப் பார்த்த மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டனர். 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. சேம அச்சுக்காரர் முதலில் குட்டியானை வைத்திருந்தார். மனத்தில் திட்டம் பெருத்தபோது அதைக் கொடுத்துவிட்டு, அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாரான இசுசு வி-கிராஸ் ஒன்று அவ்வழியாகப் போனால், பெண் பார்க்க வந்தவர்போல் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, விலையைக் கேட்டபின் "நம்ம வண்டி பட்டைக்கு அது ஈடாகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பட்டை என்பது பின் அச்சின் மேல் அடுக்கப்படும் வளைந்த எஃகுத் தகடுகளுக்குப் பட்டறை வழங்கும் பெயர். வில்வண்டியில் வில் என்று இருந்ததும் அதுவே.

திட்டம் இரு பகுதிகளைக் கொண்டது: வண்டித் தொட்டியின் மேல் படுத்துறங்கும் கூண்டு ஒன்று, பின்னால் இழுத்துச் செல்லும் படகு ஒன்று. கூண்டைப் புதுமை என்று சொல்லிவிட முடியாது. வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, கட்டுச்சோற்று மூட்டையோடும் வண்டிக்கடியில் ஆடும் லாந்தரோடும் மூன்று நாள் திருவிழாவுக்குப் போய்வந்த கூண்டு வண்டியை அறிந்தவர்களுக்கு, மேல்நாட்டார் இதைத் தங்கள் கண்டுபிடிப்பாகக் கருதுவது வியப்பாகவே இருக்கும். ஆனால் மாடு தன்னால் முடியாதபோது படுத்துவிடும். என்ஜினுக்கு அந்த நாணயம் கிடையாது. ஆகவே சுமைதிறன் என்ற கணக்கு தேவைப்படுகிறது. வண்டியும் சுமையும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் விதித்த உச்ச அளவிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதே சுமைதிறன்; அதில் ஏறி உட்காரும் மனிதர்களும் அடக்கம்.

இக்கணக்கைச் சேம அச்சுக்காரர் ஜரிகைக் கணக்கு எழுதிய பழைய நோட்டில், பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறார். இரும்புச் சட்டமும் பிளைவுட்டும் சேர்ந்த கூண்டு ஐந்நூறு கிலோ. இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் அதுவே இருநூறு. ஐம்பது கிலோவுக்குக் குறையாத இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று, அதற்குச் சேமமாக இன்னொன்று. 14.2 கிலோ எரிவாயு அடைத்த சிலிண்டர், இரும்பையும் சேர்த்தால் முப்பதை எட்டும். அதற்கும் ஒரு சேமம். வழியில் எங்கும் நல்ல மாவு கிடைக்காது என்பதால் கிரைண்டர். காஞ்சிபுரத்துக்காரர் என்பதால் மந்தாரை இலை போட்டு இட்லி அவிக்கும் மூங்கில் குடலை. குடலைக்கு எடை இல்லை என்று நோட்டில் தனிக்குறிப்பு இருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைத் தெருவே பார்த்தது. இவற்றோடு தாமும் மனைவியும் மச்சானும் ஏறினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்து, விடை பிடிக்காமல், மச்சானை அடித்துவிட்டார். "தண்ணிய இவ்ளோ தூரம் தூக்கிக்கிட்டுப் போறதுக்கு, தண்ணி இருக்கிற ஊருக்கே போயிடலாமேங்க" என்று மனைவி சொன்னது கணக்கில் சேர்க்கப்படவில்லை.

சுமை மீறும்போது இவ்வகையினர் சுமையைக் குறைப்பதில்லை, பட்டையைக் கூட்டுகின்றனர். கூடுதல் பட்டை வண்டி அமுங்குவதைத் தடுக்குமே தவிர, பிரேக்கையோ அச்சையோ டயரையோ பலப்படுத்தாது. ஆகவே பட்டைக்குப்பின் டயர், டயருக்குப்பின் பிரேக் என்று பட்டறைப் பயணம் நீள்கிறது. வெறும் வண்டியாக ஓடும்போது அந்த விறைத்த பட்டைகள் வேகத்தடை ஒவ்வொன்றையும் முதுகுத்தண்டுக்கு நேரே தெரிவிக்கின்றன.

படகு ஆசை பிறந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து சென்னைப் புறநகர்த் தெருக்களில் மக்களை மீட்டதைத் தொலைக்காட்சியில் கண்டவர், படகு இல்லாத குடும்பம் பாதுகாப்பற்றது என்ற முடிவுக்கு வந்தார். பெரும்பாலான மாதங்களில் மணலும் கருவேலமும் மட்டுமே ஓடும் வேகவதியின் கரையில் ஒரு ஃபைபர் படகு வந்து இறங்கியது. வேகவதியும் செய்யாறும் பாலாற்றோடு கலக்கும் திருமுக்கூடலில் அதை மிதக்கவிடுவதா, முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கே கொண்டுபோவதா என்ற ஆலோசனை இன்றும் நடக்கிறது.

படகை இழுப்பதில்தான் நுட்பம் மிகுதி. பின்னால் வரும் இழுவண்டியின் மொத்த எடை ஒரு கணக்கு. அதன் மூக்கு முன்வண்டியின் கொக்கியை எவ்வளவு அழுத்துகிறது என்பது வேறு கணக்கு. மூக்கின் அழுத்தம் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருக்க வேண்டும் என்பது பொது விதி. குறைந்தால் இழுவண்டி வேகத்தில் பாம்புபோல் நெளியும்; கூடினால் முன்வண்டியின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரங்கள் சாலையைப் பட்டும் படாமலும் தொட்டுச் செல்லும். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் இவ்வளவையும் முன்பாரம், பின்பாரம் என்ற இரு சொற்களில் முடித்துவிட்டனர். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலெழுந்துவிடும் என்பது அவர்களில் சிறுவனுக்கும் தெரியும். கூண்டையும் படகையும் ஒரே வண்டியில் சேர்த்தால் மூன்றாவது சிக்கல் முளைக்கிறது. கூண்டு தொட்டியைத் தாண்டி மூன்றடி பின்னால் நீண்டிருப்பதால், கொக்கியையும் மூன்றடி நீட்ட வேண்டும். ஏற்றக் கழியின் நுனியில் ஆள் நகர நகர இறைப்பு எளிதாவதுபோல, கொக்கி தள்ளிப் போகப் போக அதே எடை பின் அச்சை மிகுதியாக அழுத்தி, முன்புறத்தைத் தூக்கப் பார்க்கும். கொக்கியை நீட்டினால் கூண்டு அனுமதிக்கிறது, படகு அனுமதிப்பதில்லை; குறுக்கினால் படகு சம்மதிக்கிறது, கூண்டின் கதவு திறப்பதில்லை. இரு மருமகள்களை வைத்திருக்கும் மாமியாரின் முகத்தோடு அவர் வண்டிக்கும் படகுக்கும் இடையே நிற்பது இதனால்தான்.

இணைத்த வண்டியைப் பின்னோக்கி ஓட்டுவது இன்னொரு கலை: இழுவண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். அவர் இதைச் செய்யத் தொடங்கியதும், பாவு ஆற்றிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததை விட்டுவிட்டு ஆசிரியர்களாக மாறுகின்றனர். "வரலாம், வரலாம்" என்று ஒருவரும், "ரைட்ல ஒடிங்கண்ணா" என்று ஒருவரும், எந்த ரைட்டு என்று மூன்றாமவரும் கூவ, கடைசியில் நான்கு பேர் கொக்கியைக் கழற்றிப் படகைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போய் நிறுத்துகின்றனர்.

சட்டம் குறுக்கே நிற்பதையும் சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இழுவண்டிக்குத் தனிப்பதிவு வேண்டும். அளவு மீறிய சுமைக்கு 2019-இன் திருத்தத்தின்படி அபராதம் இருபதாயிரம் ரூபாயில் தொடங்குகிறது. சேம அச்சுக்காரர் இவற்றை மதிப்பவர். ஆவணங்கள் முழுமையாகும்வரை வண்டியை எடுப்பதில்லை என்று அவர் சொல்லும்போது, சட்டத்தின்மீது அவருக்குள்ள நன்றியுணர்வு குரலில் தெரியும்.

கூண்டு ஏற்றிப் புறப்பட்டே போனவர்களும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் பிக்கப் வண்டியின் மேல் கூண்டு ஏற்றி, அதற்கு டான் குயிக்ஸோட்டின் குதிரைப் பெயரை இட்டு, நாயோடு நாட்டைச் சுற்றிவந்தார். அவருக்குப் படகும் இருந்தது, அதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார். அவ்வளவு தொலைவு போவானேன்? திருப்பருத்திக்குன்றத்தின் திகம்பர முனிவர்கள் மயிற்பீலியும் கமண்டலமும் மட்டும் ஏந்தி நடந்தே நாடு திரிந்தவர்கள். தம் குரு புஷ்பசேனரின் சொற்படி விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88-இல் எழுப்பிய சங்கீத மண்டபம் அவ்வூர்த் திரைலோக்கியநாதர் கோயிலில் இன்றும் இருக்கிறது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியங்களாக விரிகின்றன. தீர்த்தங்கரருள் ஒருவரான நேமிநாதர், மணக்கோலத்தில் தேரேறிச் சென்று, விருந்துக்காக அடைத்துவைத்த விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பித் துறவு பூண்டவர். முழுதும் அலங்கரித்த வாகனம் சேருமிடம் சேராமல் திரும்பியதற்கு அவ்வூரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது என்று சேம அச்சுக்காரர் கருதுகிறார். தேர் அங்கே புறப்படவாவது செய்தது என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

வாய்ப்பு ஒன்று வாராமல் இல்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அத்திமரப் பெருமாளான அத்திவரதர் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாட்களில், காஞ்சிபுரத்தில் தலைசாய்க்க இடமின்றிக் கூட்டம் தவித்தபோது, சக்கரம் பூட்டிய அறை ஒன்று பொன்னாக விளைந்திருக்கும். அப்போது வண்டி பட்டறையில் இருந்தது. நீட்டுக் கொக்கியின் முள்ளாணி வரவில்லை. அடுத்த எழுந்தருளல் 2059-இல் என்பதால், போதிய அவகாசம் இருப்பதாக அவர் கணித்திருக்கிறார்.

அத்தெரு வழியாகக் கார் கொண்டுபோக நினைப்பவர்கள் முதல்நாள் மாலையே சொல்லி அனுப்புவது நல்லது. அவர் வண்டியை நகர்த்த மறுப்பவர் அல்லர், ஆனால் கொக்கியைக் கழற்றி மாட்ட அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.