பேர் கேட்காத வாசல்

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கிறவர்கள் உண்டு. சீட்டுக் கம்பெனி ரசீதில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருக்கும் நிபந்தனைகளைப் படிக்கிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம். கரண்ட் போயிருந்த ஒரு மத்தியான நேரத்தில் செல்போனில் புதுக்கோட்டை மாவட்ட இணையதளத்தைத் திறந்து, படங்களையும் அறிவிப்புகளையும் தாண்டி, ஈ காக்கை எட்டிப் பார்க்காத அடிமட்டத்துக்கு இறங்கி, தனியுரிமைக் கொள்கை என்ற பகுதியைப் படித்து முடித்தேன்.

சுருக்கம் இதுதான்: உங்கள் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் என்று உங்களை இன்னார் எனக் காட்டிக்கொடுக்கும் எதையும் இந்தத் தளம் தானாக எடுத்துக்கொள்ளாது. வந்தீர்களா, பார்த்தீர்களா, போய்க்கொண்டே இருங்கள். மாவட்டத் தளங்களைத் தேசியத் தகவலியல் மையம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்துக் கொடுப்பதால், அரியலூர்க்காரருக்கும் இதே வாக்குறுதிதான், அசாம்காரருக்கும் இதே வாக்குறுதிதான். இருக்கட்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்த நாளிலிருந்து இந்த மாவட்டத்தில் என்னை ‘யாரு?’ என்று கேட்காமல் உள்ளே விட்ட முதல் வாசல் இது.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியாது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆலங்குடி பஸ் ஏறி உட்காருங்கள். வண்டி கிளம்பவே வேண்டாம்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“புதுக்கோட்டைதாங்கய்யா.”

“புதுக்கோட்டையில எங்க?”

சொல்கிறீர்கள்.

“அங்க யாரு வீடு?”

அதையும் சொல்கிறீர்கள். அப்பா பெயர், அப்பா பார்த்த வேலை, அம்மா பிறந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகவில்லை என்றால் ஏன், ஆகியிருந்தால் பெண் எந்த ஊர், சம்பளம் கையில் எவ்வளவு, பிடித்தம் போகவா போகாமலா. ஆலங்குடி வருவதற்குள் முழு விவரமும் ஏறிவிடும். கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை; இறங்கும்போது இரண்டு கொய்யாப்பழம்கூடக் கொடுப்பார். ஆனால் ‘எந்த ஊரு’ என்பது ‘எந்தத் தெரு’ என்பதில் போய் முடியும்போது அது எதற்கான கேள்வி என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் இன்னும் ஒரு தனியுரிமைக் கொள்கையும் எழுதப்படவில்லை.

இணையதளத்துக்கு வருவோம். பெயர் கேட்காதே தவிர, ஒன்றையுமே குறித்துக்கொள்ளாது என்று நினைத்துவிடாதீர்கள். ஐ.பி. முகவரி, எந்த பிரவுசர், எந்த இயங்குதளம், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தெந்தப் பக்கம் என்று எல்லாம் பதிவாகும். இவற்றை வைத்து நீங்கள் யார் என்று கண்டுபிடிக்க நாங்கள் முயல மாட்டோம், தளத்துக்கு நீங்கள் சேதம் செய்யப் பார்த்தால் ஒழிய என்கிறது கொள்கை. அதாவது, முயன்றால் முடியும். முயலாமல் இருப்பது பெருந்தன்மை. ஐ.பி. என்பது உங்கள் இணைய இணைப்பின் நம்பர். அந்த நேரத்தில் அந்த நம்பர் யாரிடம் இருந்தது என்று உங்கள் போன் கம்பெனிக்குத் தெரியும். போலீஸ் முறையாகக் கேட்டால் கம்பெனி சொல்லும்.

பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் குறித்துவைக்கும் இந்த வித்தை புதுக்கோட்டைக்குப் புதிதல்ல. குடுமியான்மலையில் சிகாநாதர் கோயிலை ஒட்டிய பாறையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தமைதியை வைத்து 7ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். சுரக் கோவைகளைக் கல்லில் வரிவரியாக வெட்டி, கடைசியில் இதைச் செய்தவர் ருத்ராச்சாரியரின் மாணவரான, சிவபக்தரான ஓர் அரசர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார்கள். பெயர் இல்லை. குரு பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, மதம் இருக்கிறது, ஆள் பெயர் மட்டும் இல்லை. அந்த அரசர் தன் தனியுரிமையைக் காப்பாற்றிக்கொண்டதாகத்தான் நினைத்திருப்பார். 1904இல் கல்வெட்டு வெளியுலகுக்குத் தெரிய வந்ததும் அறிஞர்கள் விடுவார்களா? மகேந்திரவர்ம பல்லவன்தான் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. அவர் யாருக்கும் ஒரு சேதமும் செய்யவில்லை, பாட்டு வாத்தியார் வேலைதான் பார்த்தார். அப்படியும் நூறு வருஷத்துக்கு மேலாகத் துரத்துகிறார்கள்.

சித்தன்னவாசல் கதை நேரெதிர். அங்கே ஏழடிப்பட்டம் குகையில் சமணத் துறவிகள் படுக்கக் கல்லில் செதுக்கிய படுக்கைகள் உண்டு. ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்தில், இன்ன நாட்டில் இன்ன ஊரில் பிறந்த இன்னாருக்கு, இன்ன ஊர் இன்னார் செய்து கொடுத்தது என்று பொறித்திருக்கிறது. எல்லாவற்றையும் துறந்துவிட்டு மலையேறி வந்தவரிடமும் நம் ஆட்கள் பிறந்த ஊரைக் கேட்டு வாங்கிவிட்டார்கள் பாருங்கள்! மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி, கணினிப் பதிவுகளை அரசு அமைப்புகள் உட்பட எல்லா நிறுவனங்களும் 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஏழடிப்பட்டத்துப் பதிவு 2000 ஆண்டுகளாக இருக்கிறது. அழித்துவிடுங்கள் என்று அந்தத் துறவி யாரிடம் மனு கொடுப்பார்?

எங்கள் மாவட்டத்தின் உண்மையான தகவல் மையம் எது என்று கேட்டால் நான் மொய் நோட்டைத்தான் காட்டுவேன். ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து களைகட்டும். பந்தலுக்குள் நுழைந்தால் வரிசையாக மேசை, மேசைக்கு ஒரு எழுத்தர். ஊர், பெயர், அப்பா பெயர், தொகை. ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் குழப்பம் வரக்கூடாதே என்று பட்டப்பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். ‘ஒத்தக்கண்ணு’, ‘வாத்தியார் மருமகன்’, ‘சிங்கப்பூரார்’ என்று நோட்டில் ஏறியது ஏறியதுதான், பேரன் காலத்திலும் இறங்காது. இப்போது கணினி வந்துவிட்டது, ரசீது அடித்தே கொடுக்கிறார்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் இடம். அங்கே போய், என் பெயரை எழுதாதீர்கள், எனக்குத் தனியுரிமை முக்கியம் என்று சொன்னால் கறிச்சோறு கிடைக்கும். கொடுத்த பணம் உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திரும்ப வராது. அங்கே பெயர் கொடுப்பவனுக்குக் காரணம் தெரியும், பலனும் தெரியும். அந்த வகையில் மொய் நோட்டு நாணயமான பதிவேடு.

பலன் தெரியாமல் தானாகவே எண்ணைக் கொடுத்தவரும் உண்டு. 2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தலைவர் ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, இதை வைத்து எனக்குக் கெடுதல் செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். போன் நம்பர், பிறந்த தேதி, வீட்டு முகவரி என்று ஆளுக்கொன்றாக எடுத்துப் போட்டார்கள். இதெல்லாம் எங்கள் தரவுத்தளத்திலிருந்து போனதல்ல என்றது ஆதார் ஆணையம். கூடவே, பொதுமக்கள் யாரும் இப்படி ஆதார் எண்ணைப் பொதுவெளியில் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. கெடுதல் செய்யக் கிளம்பியவர்களில் ஒருவர் அவர் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுவிட்டார். வடகாட்டில் என்றால் எழுத்தர் அதையும் வரவு வைத்திருப்பார். சர்மா அந்த ஒரு ரூபாயைத் திரும்பச் செய்தாரா என்பதுதான் எங்களூர்க்காரன் கேட்கும் கேள்வி.

பெயர் கேட்காத இணையதளத்தை மூடிவிட்டு, அதே அரசாங்கத்தின் ஏதாவதொரு கவுண்டருக்கு நேரில் போய் நில்லுங்கள். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. எல்லா அலுவலகமும் ஒரே அச்சுதான். வாசலில் ஒரு வருகைப் பதிவேடு. பெயர், ஊர், செல் நம்பர், பார்க்க வந்த அலுவலர், வந்த காரியம், கையெழுத்து. என் வரிசைக்கு மேலே எழுதியிருப்பவர் யார், எந்த ஊர், அண்ணன் தம்பி பாகத் தகராறுக்கு வந்திருக்கிறார் என்பது வரை நான் நின்றபடியே படித்துக்கொள்ளலாம். எனக்குப் பின்னால் நிற்பவர் ஏற்கெனவே என் தோளுக்கு மேலாக என் நம்பரைப் படித்துக்கொண்டிருக்கிறார். “கடைசி நம்பர் ஏழா ஒண்ணா தம்பி?” என்று சந்தேகம் வேறு.

உள்ளே போனால் ஜெராக்ஸ். ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஜாதிச் சான்று ஜெராக்ஸ். எதிர்க் கடையில் மெஷின் சூடாகித் துப்பும் முதல் காப்பியில் முகம் கரிக்கட்டையாக விழும். கடைக்காரர் அதை மேசைக்கடியில் இருக்கும் அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்த காப்பி எடுப்பார். அந்தப் பெட்டியில் இருப்பது குப்பை அல்ல, கணக்கு எழுதும் தாள். எனக்குக் கிடைத்த தாளில் ஒரு பக்கம் ‘ஜெராக்ஸ் 6 - 12, பேனா - 5, ஆக 17’. திருப்பினால் பொன்னமராவதிப் பக்கத்து அம்மா ஒருவரின் ஆதார், பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று. முகம்தான் கறுப்பு. அந்த மட்டில் அவருடைய தனியுரிமையை டோனர் காப்பாற்றியிருந்தது.

இதைப் பற்றி யாரும் எச்சரிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது: ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள், பிரவுசிங் சென்டரில் பதிவிறக்காதீர்கள். நாடே திடுக்கிட்டுத் தன் பன்னிரண்டு இலக்கத்தைத் தேடியது. பத்து வருஷமாக லாட்ஜிலிருந்து சிம் கார்டு கடை வரை வாரி வழங்கிய நகல்களை எங்கே போய்ப் பொறுக்குவது? மே 29 அன்று அறிவிப்பு வாபஸ். மக்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறதாம்; வழக்கமான ஜாக்கிரதை போதுமாம். நாங்கள் சரியாகப் புரிந்துகொண்டதுதான் பிரச்சினை என்பது என் அபிப்பிராயம்.

வாக்காளர் பட்டியல் சங்கதி இன்னும் ருசியானது. 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் வந்தது. 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் நீங்களோ உங்களைப் பெற்றவர்களோ எந்தப் பாகத்தில், எந்த வரிசையில் இருந்தீர்கள் என்று தேடி எழுத வேண்டும். எங்கள் தெருவே செல்போனும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. பழைய பட்டியலில் வீட்டு எண், அப்பா அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் வரிசையாக இருக்கும். செத்துப்போன அப்பத்தாவைக் கண்டுபிடித்துச் சிலர் அழுதார்கள். ஐம்பத்து நாலைத் தாண்டாமல் நெடுங்காலமாக நின்றுகொண்டிருந்த என் அத்தை, 2002இல் முப்பத்தெட்டு என்று பட்டியலில் அகப்பட்டார். கூட்டிப் பார்த்து உரக்கச் சொன்னது மாமாதான். “எலக்‌ஷன் ஆபீஸ்காரன் தப்பா எழுதிருக்கான்” என்று அத்தை சாதித்தார். மாமா அன்று இரவு கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டார்.

சட்டம் என்று ஒன்று இல்லாமலும் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. பெரும்பாலான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம். தகவலைக் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். நீங்கள் பொய்ப் புகார் கொடுத்தால் உங்களுக்கும் பத்தாயிரம் வரை உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம், அது நல்ல விஷயம். ஆனால் மானியம், சான்றிதழ் என்று அரசாங்கம் கொடுக்கும் இடத்தில், முன்னமே ஏதாவதொரு சலுகைக்குத் தலையாட்டியிருந்தீர்கள் என்றால் அந்தத் தலையாட்டல் அடுத்ததுக்கும் செல்லும். மத்திய அரசு பெயர் குறித்து விலக்கு அளிக்கும் அமைப்புகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. வாசலில் தளம் காட்டும் பெருந்தன்மை கவுண்டர்வரை நீளாததன் காரணம் இதில் பாதி இருக்கிறது. தளத்துக்கு நம்மிடம் காரியம் ஒன்றும் இல்லை, அதனால் பெயர் கேட்பதில்லை. கவுண்டரில் நமக்குக் காரியம் இருக்கிறது. காரியம் இருப்பவனிடம் எதையும் கேட்கலாம்.

இவ்வளவு படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? ஓர் அலுவலகத்தில், பழகிய முகமாகப் பார்த்து, மெதுவாகக் கேட்டேன்.

“சார், என்னைப் பத்தி உங்ககிட்ட என்னென்ன தகவல் இருக்குன்னு தெரிஞ்சுக்க என்ன செய்யணும்?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை.

“வெள்ளப் பேப்பர்ல ஒரு மனு எழுதுங்க. ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு வைங்க. செல் நம்பர் மறந்துராதீங்க.”

“என்கிட்ட இருந்து வாங்குனத என்கிட்டயே காட்டுறதுக்கு இவ்வளவு எதுக்கு சார்?”

“என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? உங்க தகவல வேற எவனாச்சும் வந்து கேட்டு, நான் குடுத்துட்டேன்னா?”