புத்தகங்களை அள்ளி வந்த பையன்

கேள்வி: விஸ்வநாதன் ஆனந்துக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தது யார்?
– நான்காம் ஆண்டு மாணவி, செங், மலாக்கா

பதில்: அம்மாதான்! 1969 டிசம்பர் 11இல் மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்துக்கு, ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்றுக் கொடுத்தவர் தாயார் சுசீலா.

அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருந்தது. அங்கே பகலில் தொலைக்காட்சியில் சதுரங்கப் புதிர் போடுவார்கள். அந்த நேரம் மகன் பள்ளியில் இருப்பான். அம்மா புதிரைக் குறித்து வைப்பார்; மாலையில் இருவரும் விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு, ஒரு புத்தகம். பையன் ஜெயித்துக்கொண்டே இருந்தான். கடைசியில், “வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே” என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள் நிகழ்ச்சிக்காரர்கள்!

1987இல் அதே பிலிப்பைன்ஸில் உலக ஜூனியர் பட்டம். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். பிறகு 2000, 2007, 2008, 2010, 2012 என ஐந்து முறை உலகச் சாம்பியன்.

2010 கதை இன்னும் சுவையானது. ஐஸ்லாந்து எரிமலை கக்கிய சாம்பலால் ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுபோயின. உலகச் சாம்பியன் போட்டிக்காக ஆனந்த் ஜெர்மனியிலிருந்து பல்கேரியாவின் சோபியாவுக்குச் சாலை வழியாகவே சுமார் 40 மணி நேரம் பயணம் செய்தார். முதல் ஆட்டத்தில் தோல்வி. ஆனாலும் கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு பல்கேரிய எதிராளி தோபலோவை அவர் நாட்டிலேயே வீழ்த்திப் பட்டத்தைக் காத்தார்.

செங்கிலிருந்து அதிகத் தூரமில்லாத சிங்கப்பூரில், 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஆனந்த்.